நூற்றெட்டில் ஒரு மொட்டைத் தூண்

கோயில் வழிகாட்டியாக வேலை பார்ப்பவர் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், "தெரியாது" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. மைக்கம்மா தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். இருபத்திரண்டு வருஷமாக அதை ஒருநாள்கூட மீறியதில்லை.

மைக்கம்மா என்பது அவள் பெயர் இல்லை, ஊர் வைத்தது. முன்வரிசையில் நின்று பேசினால் பின்வரிசையில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவருக்கும் கேட்கும். ஒருமுறை கோயில் நிர்வாகம் வழிகாட்டிகளுக்கெல்லாம் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒலிபெருக்கி கொடுத்தது. மைக்கம்மா அதைப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்ததும் மாடத்தில் இருந்த புறாக்கள் மொத்தமும் பறந்து போய்விட்டன. நிர்வாகமே திருப்பி வாங்கிக்கொண்டது.

அந்தக் கோயிலின் வாசல் கோபுரத்துக்கு நேரே நின்று பார்த்தால் அம்மன் தெரியமாட்டாள். ஒரு முழம் இடது பக்கம் நகர்ந்து நிற்க வேண்டும். கருவறை ஒரு கோட்டில், கோபுரம் ஒரு கோட்டில். வந்தவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான், மைக்கம்மாவிடம் இதற்கு மூன்று பதில்கள் உண்டு. முகத்தைப் பார்த்தே எந்தப் பதில் யாருக்கு என்று முடிவு செய்துவிடுவாள்.

கைகூப்பிக்கொண்டு வருபவர்களுக்கு ஐதிகம். கால் ஊனமான ஒரு கிழவி மலையெல்லாம் தாண்டி வந்து, கூட்டத்துக்குப் பின்னால் ஒன்றும் தெரியாமல் தவித்தாளாம். அம்மனே தன் இடத்தைவிட்டு ஒரு முழம் தள்ளி நின்று முகத்தைக் காட்டினாளாம். இதைக் கேட்டுக் கண் கலங்காதவர்கள் குறைவு. குறிப்பேடும் பேனாவுமாக வருபவர்களுக்குச் சரித்திரம். கருவறையைக் கட்டிய ராஜா வேறு, நூற்று நாற்பது வருஷம் கழித்துக் கோபுரம் எழுப்பிய ராஜா வேறு, பின்னவர் தன் தேர்வீதிக்கு நேராகக் கோபுரத்தை வைத்துக்கொண்டார். கல்லைத் தட்டிப் பார்க்கும் பொறியாளர்களுக்குக் கட்டடக்கலை. அந்தப் பக்கம் பூமிக்கடியில் ஊற்று, அவ்வளவு உயரத்துக்கு அங்கே கடைக்கால் நிற்காது, அதனால் தள்ளிக் கட்டினார்கள். மூன்றையும் ஒரே உறுதியோடு, ஒரே குரலில் சொல்வாள். இந்த மூன்றில் எது உண்மை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கைவசம் நாலாவதாக ஒன்று இருந்திருக்கும்.

ஆனால் அவளுடைய பெருமையெல்லாம் கோபுரத்தில் இல்லை, மொட்டைத் தூணில்தான்.

அம்மன் சன்னதிக்கு வெளியே நூற்றெட்டுத் தூண் மண்டபம். நூற்றேழு தூண்களில் சிற்பிகள் இண்டு இடுக்கு விடவில்லை. குதிரைமேல் வீரர்கள், யாளி, நடனமாடும் பெண், முதுகில் குட்டியோடு குரங்கு, காலில் முள் எடுக்கிற வேடன். ஐந்தாவது வரிசையில் மூன்றாவதாக நிற்கும் ஒன்று மட்டும் வெறும் சதுரக் கல். ஒரு பூ இல்லை, ஒரு கோடு இல்லை. மொழுக்கென்று நிற்கும்.

ஏன் அது மட்டும் அப்படி? மைக்கம்மா சொல்வாள். அந்தத் தூணைச் செதுக்க வேண்டிய சிற்பி, வீட்டில் மனைவியோடு பெரிய சண்டை போட்டுவிட்டு விறுவிறுவென்று வேலைக்கு வந்தான். உளியை வைத்து ஓங்கினான். உள்ளே இருந்து அம்மன் குரல் வந்தது: 'கோபத்தோட என் கல்லைத் தொடாதே. வீட்டுக்குப் போ. சமாதானம் ஆயிட்டு வா.' அவன் உளியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். சமாதானம் ஆனான். அப்புறம்? அப்புறம் அவன் திரும்பி வரவே இல்லை. "அவ்வளவு நல்லா சமாதானம் ஆயிட்டாங்க!" என்று மைக்கம்மா கையை விரிப்பாள். கூட்டம் கொல்லென்று சிரிக்கும்.

சிரித்த கூட்டம் அதோடு நின்றதா? ஊருக்குப் போய்ச் சொன்னது. சண்டை போட்ட தம்பதிகள் வர ஆரம்பித்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து அந்தத் தூணை மூன்று சுற்றுச் சுற்றினால் பேச்சு வந்துவிடும் என்று யாரோ சேர்த்துவிட்டார்கள். அது மைக்கம்மா சொன்னதில்லை, மக்களே போட்டுக்கொண்டது. மொட்டைத் தூண் சமாதானத் தூண் ஆயிற்று. சுற்றிச் சுற்றி அதன் காலடித் தரை வழுவழுத்துப் போயிற்று. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி சுற்றுகிறவர்களைப் பார்க்க மைக்கம்மாவுக்கு வேடிக்கையாகவும் இருக்கும், உள்ளுக்குள் சுருக்கென்றும் இருக்கும்.

ஏனென்றால் அந்த ஐதிகம் முழுக்க முழுக்க அவள் விட்ட சரடு. இதைத் தெரிந்த ஆள் உலகத்தில் அவளைத் தவிர ஒருத்திதான். அவள் மகள்.

அந்த மகள்தான் வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பையோடு வந்து நின்றாள்.

"என்னடி, தனியா? மாப்பிள்ளை எங்கே?"

"இனிமே தனியாத்தான்" என்று பையைக் கதவோரம் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

கல்யாணம் ஆகி மூன்று வருஷம். மாப்பிள்ளை மின்விசிறிக் கடையில் விற்பனையாளர். பேச்சில் கெட்டிக்காரர், நின்றுபோன விசிறியைக்கூட 'இது அமைதியான விசிறி' என்று விற்றுவிடுவார். நல்ல பிள்ளை. மகளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. பிறகு என்னதான் நடந்தது? ஒரு மணி நேரம் கெஞ்சிய பிறகு விஷயம் வெளியே வந்தது.

போன வருஷம் மாப்பிள்ளை கார் ஓட்டுநர் தேர்வுக்குப் போனார். பாஸ் என்று வந்து சொன்னார். சும்மா சொல்லவில்லை. தேர்வின்போது நடுரோட்டில் ஒரு நாய் வந்து படுத்துக்கொண்டதாம். இவர் ஹாரன் அடிக்காமல், வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் நாயை எழுப்பி ஓரமாக விட்டுவிட்டு வந்தாராம். பரிசோதித்த அதிகாரி நெகிழ்ந்துபோய், 'உன்னை மாதிரி ஆளுக்குத்தான்யா லைசென்ஸ் கொடுக்கணும்' என்றாராம். இந்த நாயைப் பற்றி மகள் அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு வருஷம் அவர் ஓட்டிய காரில் ஊரெல்லாம் போயிருக்கிறாள். இந்த வாரம் போலீஸ் வண்டியை மறித்து லைசென்ஸைக் கேட்டபோதுதான் தெரிந்தது, லைசென்ஸே இல்லை. பரீட்சையில் கோட்டை விட்டிருக்கிறார்.

"ஒரு லைசென்ஸுக்காகவாடி வீட்டை விட்டு வருவாங்க?" என்றாள் மைக்கம்மா.

"லைசென்ஸ் போனா போகட்டும்மா. அந்த நாய்கூடப் பொய்." மகளின் குரல் உடைந்தது. "அந்த நாயை எனக்கு எவ்வளவு பிடிச்சிருந்துச்சு தெரியுமா? ஃபெயில்னு வந்து சொல்லியிருந்தா நான் என்ன, கடிச்சா தின்னிருப்பேன்? இப்போ அவர் என்னைப் பிடிக்கும்னு சொன்னா, அதுவும் நாயான்னு தோணுது."

மைக்கம்மா எழுந்து காப்பி போடப் போய்விட்டாள். பின்னே, எந்த வாயால் பேசுவது?

சாயங்காலம் தொலைபேசியில் சம்பந்தியம்மா வந்தார். மாப்பிள்ளையின் அம்மா. அழுகையும் மூக்குச் சிந்தலுமாகப் பாதிதான் புரிந்தது, ஆனால் முடிவு தெளிவாகப் புரிந்தது. "சம்பந்தி, நீங்க இருக்கும்போது நமக்கென்ன கவலை? சனிக்கிழமை காலைல அவனைக் கூட்டிட்டு வரேன். ரெண்டு பேரையும் சமாதானத் தூணைச் சுத்த வச்சிடுவோம். எனக்கும் அவருக்கும் ஒரு வருஷம் பேச்சு இல்லாம இருந்தது உங்களுக்குத் தெரியும்ல? மூணு சுத்து. அங்கேயே பேசிட்டார்!"

பஸ்ஸில் குடையை விட்டது யார் என்பதில் தொடங்கிய அந்த ஒரு வருஷச் சண்டை மைக்கம்மாவுக்கும் தெரியும். அவர்களைக் கூட்டிப் போய்ச் சுற்ற வைத்ததே இவள்தான்.

விஷயத்தை மகளிடம் மெதுவாகச் சொன்னாள். மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

"எந்தத் தூணை? நீ கதை கட்டின தூணையா?"

"மெதுவா பேசுடி."

"பன்னிரண்டு வயசுல கோயில் புத்தகத்தை முழுசாப் படிச்சுட்டு வந்து, இதுல அந்தச் சிற்பியே இல்லையேம்மான்னு உன்கிட்ட கேட்டேன். நீ என்ன சொன்னே? கண்ணைச் சிமிட்டி, 'நான்தான் சொன்னேன், யார்கிட்டயும் சொல்லாதே'ன்னே. அன்னைக்கு எனக்கு ஜாலியா இருந்துச்சு. இப்போ இல்லை. நீயும் அவரும் ஒரே ஃபேக்டரிம்மா."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றே?"

"வரேன். ஆனா அந்தத் தூண் முன்னாடி நின்னு, எங்க அத்தை காதுல விழற மாதிரி, அது நீ சொன்ன பொய்னு சொல்லு. பொய் சொன்னவங்க அதை ஒத்துக்க முடியும்னு நான் கண்ணால பாக்கணும். அப்புறம் அவரைப் பத்தி யோசிக்கிறேன். நீ சொல்லலன்னா நான் அந்தத் தூணையும் சுத்தமாட்டேன், அந்த வீட்டுக்கும் போகமாட்டேன்."

சொன்னால் சொன்னபடி நிற்கிற பெண். பிடிவாதத்தில் அம்மாவைக் கொண்டிருந்தாள், வார்த்தைக் கணக்கில் அப்பாவை. அப்பா முச்சந்தியில் கடிகாரம் பழுது பார்ப்பவர். சின்னதைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடிக் குப்பியைக் கண்ணில் செருகிக்கொண்டு உட்கார்ந்தால், பிரளயமே வந்தாலும் "ம்" என்பார். அவரிடம் யோசனை கேட்டாள் மைக்கம்மா.

"சொல்லிடவா?"

"ம்" என்றார்.

இதை ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு தூங்க முடியுமா?

வெள்ளிக்கிழமை இன்னொரு வினை வந்து சேர்ந்தது. கோயிலுக்குப் புதிய தல வரலாறு எழுதுவதற்காகக் கல்வெட்டு ஆய்வாளர் ஒருவர் ஒரு மாதமாக வந்துகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். கல்லைத் துடைத்து, ஈரக் காகிதத்தை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி, மைப்பொதியால் ஒற்றி எழுத்தைப் பிரதி எடுப்பார். சட்டையில் எப்போதும் மை. அவர் மைக்கம்மாவை மண்டபத்தில் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, அந்தச் சமாதானத் தூண் கதை ரொம்ப அழகா இருக்கு. புத்தகத்துல சேர்க்கலாம்னு இருக்கேன். ஆதாரம் என்ன?"

"செவிவழிச் செய்திங்க."

"யாரோட செவி?"

மைக்கம்மா வாயைத் திறந்தாள். "குழு காத்திட்டிருக்கு, நாளைக்குப் பேசலாமா?" என்று நழுவினாள். பின்னால் குழு எதுவும் இல்லை, இரண்டு புறாக்கள்தான் நின்றன.

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எண்ணிப் பார்த்தாள். நிர்வாகம் வழிகாட்டி அட்டையைப் பிடுங்கினாலும் பிடுங்கும். சக வழிகாட்டிகள் சிரிப்பார்கள். சுற்றிவிட்டுப் போன ஆயிரக்கணக்கான பேர் என்ன நினைப்பார்கள்? அதெல்லாம்கூடப் பரவாயில்லை. சம்பந்தியம்மா முகத்தை எப்படிப் பார்ப்பது? சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எண்ண வேண்டியதே இல்லை. கதவோரம் மகளின் பை வைத்தது வைத்தபடி இருந்தது. அவள் அதைத் திறந்து துணிகளை அலமாரியிலும் அடுக்கவில்லை, எடுத்துக்கொண்டு கிளம்பவும் இல்லை. அந்தப் பையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மைக்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கு மகளுக்குத் தெரியாத காரணம் ஒன்றும் இருந்தது.

சனிக்கிழமை காலை மண்டபத்தில் நல்ல கூட்டம். மாப்பிள்ளை இரண்டு பஸ் மாறி வந்திருந்தார், சட்டை கசங்கியிருந்தது. மின்விசிறி விற்கிற வாய் அன்று ஒட்டிக்கொண்டிருந்தது. "வாங்க மாப்பிள்ளை" என்றதற்கு, "வரேன் அத்தை" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். சம்பந்தியம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் தங்கம், ஒரு மூணே சுத்து" என்றார். மகள் அம்மாவைப் பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை.

தூணின் காலடியில் ஏற்கெனவே ஆள் இருந்தார். ஆய்வாளர் குப்புறப் படுக்காத குறையாக அடிப்பாகத்தில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். சுற்ற வந்த தம்பதிகள் எல்லாம் அவர் எழுந்திருப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். காத்திருந்தவர்களில் ஒருவர் பொழுது போகாமல் கேட்டார்.

"ஏங்க, இந்தத் தூண்ல மட்டும் ஏன் ஒண்ணுமே செதுக்கல?"

ஆய்வாளர் நிமிர்ந்து, மூக்கில் ஒட்டிய மையைத் துடைத்து அதை இன்னும் பெரிதாக்கிக்கொண்டு, "தெரியாதுங்க" என்றார்.

மைக்கம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு படித்தவர், இத்தனை பேருக்கு நடுவில், கூசாமல் சொல்கிறாரே!

"மேல பாருங்க" என்று தொடர்ந்தார் அவர். "நாலு பக்கத்து உத்திரமும் இந்த ஒரு தலையிலதான் வந்து உக்காருது. மத்த தூண்லல்லாம் ரெண்டுதான். செதுக்கினா மெலிஞ்சு போயிடும், பாரம் தாங்காதுன்னு விட்டிருக்கலாம். இல்ல, சிற்பிக்கு உடம்பு சரியில்லாம போயிருக்கலாம். இங்க ஏதாவது எழுதியிருக்கான்னு பாத்தேன். ஒரு எழுத்தும் இல்ல. அதனால உண்மையான காரணம் தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் 'இதுகூடத் தெரியாதா' என்று நகர்ந்து போகவில்லை. கேட்டவர் அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்து, "அடேயப்பா" என்றார். இத்தனை வருஷத்தில் மைக்கம்மாவும் அன்றுதான் அந்த உத்திரத்தை அண்ணாந்து பார்த்தாள். நாலு கல் உத்திரங்கள் நாலு திசையிலிருந்தும் வந்து அந்த மொட்டைத் தலைமேல் உட்கார்ந்திருந்தன.

"அதெல்லாம் இல்லீங்க" என்று சம்பந்தியம்மா முன்னால் வந்தார். "இதுக்கு ஐதிகம் இருக்கு. சம்பந்தி, நீங்க சொல்லுங்க."

கூட்டம் திரும்பியது. ஆய்வாளர் பேனாவை எடுத்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார், மகள் பார்வையை எடுக்கவில்லை.

"அந்த ஐதிகம்," என்று ஆரம்பித்தாள் மைக்கம்மா. "அது நான் சொன்னதுங்க. எனக்கு யாரும் சொன்னதில்ல. எந்தப் புத்தகத்துலயும் கிடையாது. அந்தச் சிற்பியும் கிடையாது, அம்மன் பேசினதும் கிடையாது. நானா இட்டுக்கட்டினது."

சம்பந்தியம்மாவின் வாய் திறந்தபடி நின்றது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். மகள் கேட்டது இவ்வளவுதான். ஆனால் ஒருமுறை வாய் திறந்தால் பாதியில் மூடுகிற பழக்கம் மைக்கம்மாவுக்குக் கிடையாது.

"எப்போ இட்டுக்கட்டினேன்னும் சொல்லிடறேன்." அவள் மகள் பக்கம் திரும்பினாள். "உனக்கு அஞ்சு வயசு. நான் வேலைக்குச் சேர்ந்து பத்தாவது நாள். நீலப் பை ஒண்ணு, ஜிப்பு அறுந்து ஊக்கு போட்டிருக்கும், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றாள் மகள். "அது மேலதான் உக்காந்து பிஸ்கட் தின்னேன். பெரியம்மா வீட்டுக்குப் போறோம்னு சொன்னே. ஆனா போகல."

"போறதா இல்ல, போயிடறதாத்தான் இருந்தேன். திரும்பி வராம." கூட்டம் நிற்பதே அவளுக்கு மறந்துவிட்டது. "உங்கப்பாகிட்ட நாள் முழுக்க நடந்ததைச் சொல்லுவேன். 'ம்'பார். அழுதாலும் 'ம்', சிரிச்சாலும் 'ம்'. இந்தச் சுவரோட காலம் தள்ள முடியாதுன்னு அன்னைக்குக் காலைல கத்திட்டு, துணியெல்லாம் அந்தப் பைல அடைச்சு, உன்னையும் தூக்கிட்டு வந்துட்டேன். மத்தியான பஸ்ஸுக்கு முன்னாடி கடைசியா ஒரு குழு. அதுல ஒருத்தர், இந்தத் தூண் ஏன் மொட்டையா இருக்குன்னு கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. மனசு முழுக்கச் சண்டைதானே, அதனால சண்டைலேருந்தே ஆரம்பிச்சேன். சிற்பி பொண்டாட்டியோட சண்டை போட்டான்னு சொன்னேன். அம்மன் 'வீட்டுக்குப் போ'ன்னு சொன்னதாச் சொன்னேன். அதுக்கு மேல எப்படி முடிக்கிறதுன்னு தெரியாம முழிச்சேன். அப்போ ஒரு அம்மா கேட்டாங்க: 'போனானா?'"

மைக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் உன்னைப் பாத்தேன். நீ அந்தப் பை மேல காலை ஆட்டிட்டு உக்காந்திருந்தே. 'போனான்'னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் எனக்கும் வேற வழி இல்லாம போச்சு. உன்னையும் பையையும் தூக்கிட்டு வீட்டுக்குத்தான் போனேன். நீ ஓடிப்போய் உங்கப்பாகிட்ட சிற்பி கதையைச் சொன்னே. அவர் அந்தக் குப்பியைக் கண்ணுலேருந்து எடுத்து வச்சுட்டு, 'அப்புறம்?'னு கேட்டார். கல்யாணம் ஆனதுலேருந்து அவர் வாயிலேருந்து நான் கேட்ட முதல் 'அப்புறம்' அதுதான். மறுநாள் காலைல பாத்தா, அந்தப் பை காலியா, மடிச்சு, அலமாரி மேல இருக்கு. நான் வைக்கல."

மகள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

முதலில் தெளிந்தவர் சம்பந்தியம்மா. "அப்போ நானும் அவரும் மூணு சுத்துச் சுத்தினது?"

"மன்னிச்சிடுங்க சம்பந்தி. அது வெறும் கல்லுதான்."

சம்பந்தியம்மா விரலை மடக்கிச் சுற்றுகளை எண்ணினார். "ஆனா அவர் பேசினாரே. மூணாவது சுத்துல, 'கால் வலிக்குதுடி'ன்னார். ஒரு வருஷம் கழிச்சுப் பேசினது பேசினதுதானே?" பிறகு உதட்டைச் சுழித்து, "அது இருக்கட்டும், சொல்லியிருந்தா நான் ஒரு சுத்தோட நிறுத்தியிருப்பேன்ல?" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிப்பு மெல்லப் பரவியது.

ஆய்வாளர் மட்டும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். "அம்மா, அது என்ன மாசம்? தேதி நினைவிருக்கா? ஒரு ஐதிகம் பிறந்த நாளும் இடமும் காரணமும் இவ்வளவு சுத்தமா எனக்கு இதுவரைக்கும் கிடைச்சதே இல்ல. கட்டாயம் புத்தகத்துல போடறேன்."

"பொய்னு போடுவீங்களா?"

"நடந்ததைப் போடுவேன்" என்றார் அவர்.

அதுவரை தரையை அளந்துகொண்டிருந்த மாப்பிள்ளை தலையைத் தூக்கினார். மனைவியைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் மாமியார் வழியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே வந்தது.

"நாய் எதுவும் வரல. பிரேக்கை மிதிக்கிறதுக்குப் பதிலா ஆக்சிலேட்டரை மிதிச்சுட்டேன். வண்டி தேர்வு மைதானத்து வேலியில போய் நின்னுச்சு. அந்த அதிகாரி இறங்கி, திரும்பிக்கூடப் பாக்காம நடந்தே ஆபீசுக்குப் போயிட்டார். வீட்டு வாசல்ல நீ சிரிச்சுட்டே நின்னே. பாஸான்னு கேட்டே. எனக்கு... அந்தச் சிரிப்பு போயிடுமேன்னு பயமா இருந்துச்சு. அதான். மூணு தடவை ஃபெயில்னு போலீஸ்கிட்ட சொன்னேன்ல, அதுவும் பொய். நாலு."

"நாலா?" என்றாள் மகள்.

"நாலு."

"வேலியிலயா?"

"முதல் தடவை வேலி. உனக்குத் தெரியாம மறுபடி போனப்போ அதிகாரியோட சைக்கிள்."

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வருவது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே பிடிபடாத மாதிரி இருந்தது. சம்பந்தியம்மா வேண்டுகிற பாவனையில் கையைக் கூப்பிக்கொண்டு தூணைப் பார்த்தார். பழக்க தோஷம்.

மகள் கணவனிடம் போகவில்லை. அம்மாவிடம் வந்தாள். மிக அருகில் வந்து நின்று கேட்டாள்.

"அம்மா, அந்த அம்மா அன்னைக்கு 'போனானா'ன்னு கேக்காம இருந்திருந்தா? நீ பஸ் ஏறியிருப்பியா?"

மைக்கம்மாவிடம் பதில்களுக்கா பஞ்சம்? 'உன் முகத்தைப் பார்த்த பிறகு எப்படிடி ஏறுவேன்' என்று சொல்லலாம், கூட்டமே கண் கலங்கும். 'அம்மன் விட்டிருக்கமாட்டாள்' என்று சொல்லலாம், சம்பந்தியம்மா குளிர்ந்து போவார். 'அன்னைக்கு பஸ்ஸே ஓடலை' என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைக்கலாம். மூன்றும் நாக்கு நுனியில் வந்து வரிசையில் நின்றன. அந்த நாளை அவள் எத்தனையோ தடவை தனக்குள் புரட்டிப் பார்த்திருக்கிறாள். தூணிலிருந்து பஸ் நிலையம் எட்டு நிமிஷ நடை. இந்தப் பக்கம் திரும்பினால் வீடு, அந்தப் பக்கம் திரும்பினால் பஸ்.

"தெரியலடி" என்றாள்.

அவள் சொன்னது பின்வரிசைக்குக் கேட்கவில்லை. மைக்கம்மா பேசி ஒருவருக்குக் கேட்காமல் போனது அந்த மண்டபத்தில் அதுதான் முதல் தடவை.

"என்ன சொன்னாங்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"தெரியலையாம்" என்று முன்னால் நின்றவர் திரும்பிச் சொன்னார்.

மகள் அம்மாவின் தோளில் நெற்றியை வைத்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு நிமிர்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணவனைப் பார்த்தாள்.

"பை அம்மா வீட்டுல இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன். பஸ்லதான் போறோம்."

"ரெண்டு பஸ் மாறணும்" என்றார் மாப்பிள்ளை பயபக்தியோடு.

"மாறலாம்" என்றாள் மகள்.